ஊட்டியின் மழை குண்டல்பேட்டையில் பெய்வது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வானிலைத் தரவுகளை இணைய வரைபடங்களில் காட்டுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்தவை. அதில் வியப்பில்லை. மலையின் ஒரு சரிவில் குடை பிடித்து நடக்கும் அதே வேளையில் மறுசரிவில் துணி உலர்த்துவதை அன்றாடம் பார்ப்பவர்களுக்கு, மழை எங்கே பெய்தது என்பது மற்றவர்களைவிடக் கூர்மையான கேள்விதான்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். அமெரிக்க வானிலை அமைப்பான நோவா வெளியிடும் ஜிஎஃப்எஸ் முன்கணிப்பில் ஒரு கோப்பைத் தரவிறக்கினேன். அரை கிகாபைட் அளவுள்ள அந்தக் கோப்பு எந்தப் படச் செயலியிலும் திறக்கவில்லை. இதிலிருந்து வரைபட டைல்களை உருவாக்குவது எப்படி? எங்கே தொடங்க வேண்டும்? – வாசகர், குன்னூர்

பதில்: அந்தக் கோப்பு திறக்காததற்குக் காரணம், அது படமே அல்ல என்பதுதான், ஐயா. க்ரிப் எனப்படும் அந்த வடிவம் எண்களின் மூட்டை. உலகம் முழுவதையும் கால் பாகைக்கு ஒரு புள்ளியாகப் பிரித்தால் கிழக்கு மேற்காக 1,440, வடக்கு தெற்காக 721 என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் இரு கூறுகள், மழை என்று நூற்றுக்கணக்கான அடுக்குகளை ஒரே கோப்பில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தேவை மழை மட்டும் என்றால் அந்த மூட்டை முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்புடனும் ஒரு சிறு அட்டவணைக் கோப்பு வெளியாகிறது. எந்த அடுக்கு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று அதில் இருக்கும். அதைப் படித்து, வேண்டிய பகுதியை மட்டும் கேட்டு வாங்கினால் அரை கிகாபைட் என்பது ஒரு மெகாபைட் அளவுக்குச் சுருங்கிவிடும். நோவாவின் நோமாட்ஸ் தளத்தில் அடுக்கையும் எல்லையையும் குறிப்பிட்டு வெட்டி வாங்கும் வசதியும் உண்டு.

டைல் என்பது 256 புள்ளி அகலமும் 256 புள்ளி உயரமும் கொண்ட சதுரப் படம். ('வரைபட ஓடு' என்று எழுதலாம்தான், ஆனால் மலைச்சரிவின் ஓட்டு வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சொல் வேறு எதையோ காட்டும் என்பதால் டைல் என்றே எழுதுகிறேன்.) சுழியம் என்ற படியில் உலகம் முழுவதும் ஒரே டைலில் அடங்கும். ஒரு படி உள்ளே போகும்போது ஒவ்வொரு டைலும் நான்காகப் பிரியும். எட்டாம் படியில் உலகத்துக்கு 65,536 டைல்கள் ஆகும். அவற்றில் உதகமண்டலம் 182ஆம் நெடுவரிசையில் 119ஆம் கிடைவரிசையிலும், கொடைக்கானல் 183ஆம் நெடுவரிசையில் 120ஆம் கிடைவரிசையிலும் அமைகின்றன. உலாவியில் இயங்கும் லீஃப்லெட் போன்ற நிரல், திரையில் தெரியும் இடத்துக்குரிய படி, நெடுவரிசை, கிடைவரிசை ஆகிய மூன்று எண்களைக் கணக்கிட்டு அந்தப் படங்களை மட்டும் கேட்டு வாங்கி ஒட்டுகிறது. நாம் செய்ய வேண்டியது, எண்களின் மூட்டையிலிருந்து அந்தச் சதுரங்களைச் செய்து, உரிய பெயரிட்டு அடுக்கி வைப்பது மட்டுமே.

இதற்கு ஜிடால் என்ற இலவச மென்பொருள் போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் அதையே உள்ளே வைத்திருக்கும் க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருள் வழியாகச் செய்யலாம். முதலில் அலகுகளை மாற்றுங்கள். ஜிஎஃப்எஸ் வெப்பநிலையைக் கெல்வினில் தருகிறது என்பதால் 273.15 கழிக்க வேண்டும். மழை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ நீர் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்பதால் அந்த எண்ணை அப்படியே மில்லிமீட்டராகக் கொள்ளலாம். பிறகு நமக்கு வேண்டிய எல்லையை வெட்டி, உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்க இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறைக்கு மாற்றி, அதன் பின்னரே நிறம் தீட்டி, கடைசியில் டைல்களாக அறுக்க வேண்டும்.

இந்த வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நிறம் தீட்டிய பிறகு படத்தை நீட்டினால், மென்பொருள் இரண்டு நிறங்களுக்கு இடையே ஒரு கலவையைத் தானாகவே உண்டாக்கும். 10 மி.மீ. நீலம், 100 மி.மீ. சிவப்பு என்று வைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஊதா தோன்றும். உங்கள் விளக்கப் பட்டையில் ஊதா 200 மி.மீ. என்று இருந்தால், எங்கும் பெய்யாத பேய்மழை ஒன்று வரைபடத்தில் பெய்துவிடும். எண்ணாக இருக்கும்போதே நீட்டுங்கள். நிறம் அதற்குப் பின்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். நீங்கள் கூறிய முறையிலேயே மழை வரைபடம் செய்தேன். ஆனால் எவ்வளவு உள்ளே சென்று பார்த்தாலும் ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஒரே நிறம்தான். பன்னிரண்டாம் படி வரை டைல்கள் செய்தும் பயனில்லை. இன்னும் உள்ளே போக வேண்டுமா? – வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம், நீங்கள் ஏற்கனவே அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டீர்கள். கால் பாகை என்பது நம் அட்சரேகையில் ஏறத்தாழ 27.5 கிலோமீட்டர். அப்படிப்பட்ட ஒரு கட்டத்தின் பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர். நீலகிரி மாவட்டத்தின் பரப்பே 2,550 சதுர கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது என்றால், மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து மூன்றரைக் கட்டங்கள்தான் தேறும். 11.5 பாகை வடக்கு, 76.75 பாகை கிழக்கு என்ற புள்ளியைச் சுற்றிய ஒரே கட்டத்துக்குள் ஊட்டியும் கோத்தகிரியும் விழுகின்றன. மழை மறைவில் காய்ந்து கிடக்கும் மசினகுடியும் ஏறக்குறைய அதன் விளிம்பில்தான் நிற்கிறது. தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உயரத்தையும், அதன் இரு பக்கங்களிலும் வெவ்வேறு பருவமழை பெய்வதையும் அந்த ஒற்றை எண் அறியாது. ஜிஎஃப்எஸ் உள்ளுக்குள் சுமார் 13 கிலோமீட்டர் நுணுக்கத்தில் இயங்குகிறது. பொதுவெளிக்கு வரும்போது அது கால் பாகையாகிவிடுகிறது. பழனி மலையிலும் இதே கதைதான். அடிவாரத்துப் பழனி நகரத்துக்கும் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலுக்கும் இடையே நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர் கூட இல்லை.

இதை வரைபடத்தின் கணக்கில் பாருங்கள். மூன்றாம் படியிலேயே ஒரு கட்டம் திரையின் ஒரு புள்ளியைவிடப் பெரிதாகிவிடுகிறது. ஆறாம் படியில் ஒரு கட்டம் 11 புள்ளி அகலமும் எட்டாம் படியில் 45 புள்ளி அகலமும் கொள்கிறது. அதற்கு மேல் செய்யும் டைல்களில் புதிய செய்தி எதுவும் இல்லை. அதே எண்ணைப் பெரிய சதுரமாகக் காட்டுகிறோம், அவ்வளவே. ஆகவே ஆறு அல்லது ஏழாம் படியோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் பயனர் உள்ளே போனால் இருக்கும் டைலையே பெரிதாக்கிக் காட்டும்படி உலாவியிடம் சொல்லிவிடலாம். லீஃப்லெட்டில் அதற்கென்றே மேக்ஸ்நேட்டிவ்ஜூம் என்ற அமைப்பு உண்டு.

சதுரங்கள் கண்ணை உறுத்துகின்றன என்று பலர் அவற்றை மழுப்பி, வழவழப்பான நிறச் சரிவாக மாற்றுகிறார்கள். பெரிய தளங்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, குறிப்பாக மலைப்பகுதிக்கு. சமவெளியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மழை மெல்ல மாறுகிறது என்று கொள்வதில் ஓரளவு நியாயம் உண்டு. மலையில் அது முகடு கடந்ததும் அறுபட்டுவிடும். வழவழப்பான படத்தைப் பார்ப்பவர் தம் தெருவின் மேல் இருக்கும் நிறத்தைத் தம் தெருவுக்கென்றே கணித்த மழை என்று நம்புவார். சதுரமாக விட்டால், இது ஒரு பெரிய கட்டத்தின் சராசரி என்பது பார்த்தவுடனே விளங்கும். அழகு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

நுணுக்கமான தரவு வேண்டும் என்றால், நடந்து முடிந்த மழைக்கு வழி உண்டு. நாசாவின் ஐமெர்க் என்ற செயற்கைக்கோள் மழைத் தரவு 0.1 பாகை அளவில் அரை மணி நேரத்துக்கு ஒன்றாக வருகிறது. இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் போதும். சிர்ப்ஸ் என்ற தொகுப்பு 0.05 பாகையில் 1981 முதல் இருக்கிறது. ஆனால் செயற்கைக்கோள் மழைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் ஒரு பழைய பிணக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று சரிவில் ஏறிக் கொட்டும் மழை பெரும்பாலும் உயரம் குறைந்த மேகங்களிலிருந்து வருவது. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து மழையை ஊகிக்கும் முறை, அவ்வளவாகக் குளிராத இந்த மேகங்களைச் சாதாரண மேகம் என்று ஒதுக்கிவிடும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. அந்த எண்ணைத் தந்தது தரையில் இருந்த மழைமானி. கட்டச் சராசரிகளை வைத்துச் செய்யும் டைல்களில் அத்தகைய உச்சத்தை எதிர்பார்க்க முடியாது. எனவே டைல்களுக்கு மேல், மழைமானி அளவுகளைத் தனிப் புள்ளிகளாக எண்ணோடு சேர்த்துக் காட்டுங்கள். இரண்டும் முரண்பட்டால் முரண்பாட்டையும் பார்ப்பவர் காணட்டும்.

கேள்வி: மணிக்கு மணி மழையை அசைபடமாகக் காட்ட முயல்கிறேன். ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் மழை மெல்ல மெல்லக் கூடி, பிறகு சட்டென்று ஒன்றுமில்லாமல் போய், மீண்டும் கூடுகிறது. இயற்கையில் மழை இப்படிக் கடிகாரம் பார்த்துப் பெய்யுமா? – வாசகர், அருவங்காடு

பதில்: பெய்யாது, அது வாளியை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கவிழ்ப்பதால் வரும் தோற்றம். ஜிஎஃப்எஸ் கோப்பில் உள்ள மழை, அந்த ஒரு மணி நேரத்தில் பெய்தது அல்ல. வாளியில் அதுவரை சேர்ந்தது. முதல் மணியின் கோப்பில் 0 முதல் 1 வரை, இரண்டாம் மணியில் 0 முதல் 2 வரை, இப்படியே ஆறாம் மணியில் 0 முதல் 6 வரை. ஏழாம் மணியில் வாளி கவிழ்க்கப்பட்டு 6 முதல் 7 வரை மட்டும் இருக்கும். எனவே நான்காம் மணியின் மழை வேண்டுமென்றால் நான்காவதிலிருந்து மூன்றாவதைக் கழிக்க வேண்டும். ஏழாவதை மட்டும் கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகு சில இடங்களில் மிகச் சிறிய எதிர்ம எண்கள் வரக்கூடும். கோப்பைச் சுருக்கும்போது எண்களை முழுமைப்படுத்துவதால் வருபவை அவை. சுழியமாக்கிவிடுங்கள்.

சில கோப்புகளில் மழை அடுக்கு இரண்டு இருக்கும்: ஒன்று இந்த ஆறு மணி வாளி, மற்றொன்று கணிப்பு தொடங்கியது முதல் சேர்ந்த மொத்தம். பெயர் ஒன்றாகவே இருப்பதால் நிரல் எதை எடுத்தது என்பதை அட்டவணைக் கோப்பில் உள்ள கால இடைவெளியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றொன்றையும் கவனியுங்கள்: 120 மணி நேரம் வரைதான் மணிக்கு ஒரு கோப்பு, அதற்குப் பின் 384ஆம் மணி வரை மூன்று மணிக்கு ஒன்று. அந்த எல்லையைத் தாண்டியதும் உங்கள் அசைபடத்தில் மழை மும்மடங்கானதுபோல் தோன்றினால், மூன்றால் வகுக்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: இந்திய வானிலைத் துறையின் கட்ட மழைத் தரவைக் கொண்டு வரைபடம் செய்தேன். முதலில் நீலகிரியின் மழை லடாக்கில் தெரிந்தது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்தேன். இப்போது குமரிமுனையும் காஷ்மீரும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் ஊட்டியின் மழை மட்டும் கர்நாடகத்தில் குண்டல்பேட்டையின் மேல் விழுகிறது. எங்கே தவறு? – வாசகர், உதகமண்டலம்

பதில்: இம்முறை வந்த கடிதங்களில் நான் மிகவும் ரசித்தது இதுதான். இரண்டு தவறுகளுக்கும் விடை சொல்லிவிடலாம் என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல; நீங்கள் ஊர்ப் பெயரோடு எழுதியதால் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது.

அந்தத் தரவு 1901 முதல் நாள்தோறும் இருக்கிறது. நாடு முழுவதும் 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளிலிருந்து, அவை கிடைத்த நாட்களைப் பொறுத்து, கால் பாகைக் கட்டங்களாகச் செய்யப்பட்டது. ஒரு நாளுக்கு 135 நெடுவரிசையும் 129 கிடைவரிசையும் உண்டு. முதல் எண் தென்மேற்கு மூலையில், 6.5 பாகை வடக்கு, 66.5 பாகை கிழக்கில் தொடங்கி வடக்கு நோக்கி ஏறுகிறது. படங்களோ மேலிருந்து கீழே எழுதப்படுபவை. திருப்பாமல் வைத்தால் 11.5 பாகையில் உள்ள ஊட்டி 33.5 பாகைக்குப் போய்விடும். அங்கே இருப்பது லடாக்கின் சன்ஸ்கர். நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளுள் ஒன்றில் நீலகிரியின் மழை பெய்ததைக் கண்டதும் உங்களுக்கு ஐயம் வந்தது நல்லதாயிற்று.

இரண்டாவது தவறு, நீங்கள் டைலாக அறுக்காமல் ஒரே படமாக, நான்கு மூலைகளை மட்டும் சொல்லி வரைபடத்தின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள் என்பதால் வந்தது. உங்கள் படத்தில் ஒவ்வொரு பாகையும் ஒரே உயரம். மெர்கேட்டர் வரைபடத்திலோ வடக்கே போகப் போக ஒரு பாகையின் உயரம் நீண்டுகொண்டே போகும். இரு முனைகளையும் பிடித்து இழுத்து ஒட்டும்போது முனைகள் பொருந்தும். நடுவில் உள்ளவை எல்லாம் வடக்கே நழுவும். 6.5 முதல் 38.5 பாகை வரையுள்ள படத்தில் ஊட்டியின் 11.41 பாகை ஏறத்தாழ 11.84 பாகையில் போய் உட்காரும். தூரத்தில் அது சுமார் 47 கிலோமீட்டர். ஊட்டிக்கு நேர் வடக்கே அந்த அட்சரேகையில் இருக்கும் ஊர் குண்டல்பேட்டைதான். ஜிடாலின் வார்ப் கட்டளையால் முதலில் மெர்கேட்டருக்கு மாற்றிவிட்டு ஒட்டினால் மழை ஊர் திரும்பிவிடும்.

நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 6.5, 66.5 என்ற எண்கள் கட்டத்தின் நடுப்புள்ளியைக் குறிப்பவை, மூலையை அல்ல. படத்தின் எல்லையை அதே எண்களில் தொடங்கினால் முழுப் படமும் வடக்கே அரைக் கட்டம், கிழக்கே அரைக் கட்டம், அதாவது ஒவ்வொரு திசையிலும் 14 கிலோமீட்டர் அளவுக்கு, நகர்ந்திருக்கும். எல்லையை 6.375, 66.375 என்று வைக்க வேண்டும். அவ்வளவு சிறு பிழையால் என்ன ஆகிவிடும் என்று சமவெளிக்காரர் கேட்கலாம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் உள்ள நேர்த்தூரமே 13 கிலோமீட்டர்தான். மற்றபடி, தரவு இல்லாத இடங்களில் -999 என்று இருக்கும். நிறம் தீட்டும் முன் அதை விலக்காவிட்டால் கடற்கரையோரக் கட்டங்கள் எதிர்ம மழையில் நனையும்.

கேள்வி: டைல்கள் எல்லாம் செய்தாகிவிட்டன, கோப்புகள் இருக்கின்றன, வரைபடத்தில் மட்டும் வெறுமை. – வாசகர், வெலிங்டன்

பதில்: கிடைவரிசை எண்ணை வடக்கிலிருந்து எண்ணும் வழக்கும் தெற்கிலிருந்து எண்ணும் வழக்கும் உண்டு. ஜிடாலின் டைல் அறுக்கும் நிரல் இயல்பாகத் தெற்கிலிருந்து எண்ணும், லீஃப்லெட் வடக்கிலிருந்து. எட்டாம் படியில் ஊட்டியின் 119 மற்ற வழக்கில் 136 ஆகிவிடும். அந்த எண்ணை லீஃப்லெட் தேடும் இடம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில். டைல் செய்யும்போதே எக்ஸ்ஒய்இசட் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது லீஃப்லெட்டில் டிஎம்எஸ் என்பதை இயக்குங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மறுபடியும் கடலுக்கே போவீர்கள்.

கேள்வி: என் வரைபடத்தில் மழைக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்தேன். அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிர்ந்தவுடன், 'ரெட் அலர்ட்டா?' என்று பலர் தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிறத்தை மாற்ற வேண்டுமா? – வாசகர், கூடலூர்

பதில்: இன்றே மாற்றிவிடுங்கள். அந்த நான்கு நிறங்களும் வானிலைத் துறையின் எச்சரிக்கைக்கு உரியவையாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. நிலச்சரிவு பயம் உள்ள ஊரில் ஒரு சிவப்புச் சதுரம் வெறும் நிறமாக இராது. வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை ஒரே நிறத்தின் அடர்த்தியை மாற்றுங்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அதுவே எளிது. எல்லைகளை மட்டும் துறையின் வகைப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4க்கு மேல் அதிகனமழை. அப்படிச் செய்தால் நாளின் தொடக்கத்தையும் அவர்களைப் போலவே காலை 8.30 மணியாகக் கொள்ளுங்கள். அது உலக நேரத்தில் 03 மணி. ஜிஎஃப்எஸ் தொடங்கும் நேரங்களோ 00, 06, 12, 18, அதாவது நமக்குக் காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. இதைக் கவனிக்காமல் கூட்டினால் விடியற்காலை மழை வேறொரு நாளின் கணக்கில் ஏறிவிடும். எந்த நேரத்துக் கணிப்பு, யாருடைய தரவு என்பதைப் படத்தின் மூலையில் எழுதிவையுங்கள். நோவாவின் தரவுக்கு அது மரியாதை. ஐரோப்பிய வானிலை மையத்தின் திறந்த தரவுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படை வரைபடத்துக்கும் அது உரிம நிபந்தனை.

கேள்வி: கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் எந்த இரவு உறைபனி விழும் என்று காட்டும் வரைபடம் ஒன்று செய்து தரும்படி என் மகனிடம் சொன்னேன். அவன் செய்து தந்த படத்தில் ஊட்டி குளிர்காலத்திலும் கோவையைப் போல் இருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா? – விவசாயி, கேத்தி

பதில்: பாதி சரிசெய்யலாம், மறுபாதிக்கு வேறு வழி தேட வேண்டும்.

ஜிஎஃப்எஸ் போன்ற கணினிக் கணிப்பு மாதிரிக்குத் தெரிந்த நீலகிரி, உண்மை மலையைவிடத் தாழ்ந்த, மழுங்கிய ஒரு மேடு. முகடும் பள்ளமும் அடிவாரமும் சேர்ந்து சராசரியாகிவிடுவதால் ஊட்டியின் 2,240 மீட்டர் அதற்குத் தெரியாது. அந்தக் கட்டத்தின் உயரம் 1,400 மீட்டர் என்று மாதிரி வைத்திருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கின்படி, ஊட்டிக்கு அது காட்டும் வெப்பநிலையிலிருந்து சுமார் ஐந்தரை டிகிரி கழிக்க வேண்டும். மாதிரி எந்த உயரத்தை வைத்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை; தரைமட்ட உயரம் என்ற அடுக்கு அதே க்ரிப் கோப்பில் இருக்கிறது. உண்மை உயரத்துக்கு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பறந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு 30 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டின் வித்தியாசத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிட்டுத் திருத்தும்படி உங்கள் மகனிடம் சொல்லுங்கள். மழைக்குப் பன்னிரண்டாம் படி வேண்டாம் என்று மேலே சொன்னேன். இந்த வரைபடத்துக்கு மட்டும் அதில் நியாயம் உண்டு, ஏனென்றால் நுணுக்கம் மலையின் உயரத் தரவிலிருந்து மெய்யாகவே வருகிறது. பகல் வெப்பநிலைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

உறைபனி இரவுக்கு இது பொருந்தாது. அதுவும் நேர்மாறான தவறைக் காட்டும். திருத்திய வரைபடத்தில் தொட்டபெட்டா உச்சிதான் மிகக் குளிர்ந்த இடமாகத் தெரியும். ஆனால் மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் தண்ணீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தாவும் காந்தலும் குதிரைப் பந்தய மைதானமும் வெண்மையாகி நிற்கும் விடியலில், மேலே இருக்கும் சரிவு பச்சையாகவே இருப்பதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். மேலும் மாதிரி சொல்வது தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பநிலை. அங்கே மூன்று டிகிரி இருக்கும்போதே புல்நுனியில் பனி உறைந்துவிடலாம்.

ஆகவே இதை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். முதலாவது மாறாத அடுக்கு: உயரத் தரவில் ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டர் வட்டத்தின் சராசரி உயரத்தோடு ஒப்பிட்டு, தாழ்ந்தவற்றைப் பனி தேங்கும் பள்ளங்கள் என்று குறித்துவிடுவது. ஒரு முறை செய்து வைத்தால் போதும்; கேத்தியில் எந்த வயல் முதலில் வெளுக்கும் என்று உங்களுக்கே தெரியுமாதலால், அதைப் பார்த்து எல்லைகளைத் திருத்துவது கணினியைவிட உங்கள் வேலை. இரண்டாவது நாள்தோறும் மாறும் அடுக்கு: நள்ளிரவுக்குப் பின் மேக அளவு, காற்றின் வேகம், பனிநிலை வெப்பநிலை (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஆகிய மூன்றையும் ஜிஎஃப்எஸ்ஸிலிருந்து எடுத்து, வானம் தெளிந்து, காற்று அடங்கி, ஈரமும் குறைந்திருக்கும் இரவுகளை மட்டும் குறிப்பது. மேகமும் காற்றும் அகன்ற பரப்புக்கு ஓரளவு ஒன்றாகவே இருக்கும் என்பதால், 27 கிலோமீட்டர்க் கட்டம் இங்கே அவ்வளவாக ஏமாற்றாது. மாலை 5.30 மணிக் கணிப்பின் தரவு இரவு ஒன்பது மணியளவில் வெளிவரத் தொடங்கும். பின்னிரவில் தெளிப்பு நீர் பாய்ச்சுவதா என்று முடிவெடுக்க அது போதும்.

கேள்வி: இவை அனைத்தையும் நாள்தோறும் தானாக இயங்கச் செய்ய எவ்வளவு செலவாகும்? நாங்கள் கல்லூரி மாணவர்கள். சர்வர் வாங்கும் வசதி இல்லை. – வாசகர்கள், கொடைக்கானல்

பதில்: உலகம் முழுவதற்கும் எட்டாம் படி வரை அறுத்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு 87,381 டைல்கள் ஆகும், அதைக் கேட்டுத்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டை மட்டும், ஐந்தாம் படி முதல் எட்டாம் படி வரை எடுத்தாலும்கூட 4, 4, 6, 20 என்று மொத்தம் 34 டைல்கள்தான். ஐந்து நாள் முன்கணிப்பை மணிக்கு மணி செய்தாலும் 4,080. பழைய மடிக்கணினி ஒன்று இதை எளிதாகச் செய்துவிடும். மழையில்லாத டைல்களை வெறுமையாக எழுதாமல் விட்டுவிட்டால் கோடைக்காலத்தில் இதிலும் பெரும்பகுதி மிஞ்சாது.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பதிவேற்றுவது தொல்லை என்றால் பிஎம்டைல்ஸ் என்ற வடிவத்தைப் பயன்படுத்துங்கள். எல்லா டைல்களும் ஒரே கோப்பில் அடங்கும். உலாவி தனக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் அதிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். நிலையான பக்கங்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தரும் சேவை எதிலும், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் கோரிக்கையை அது ஏற்குமானால், இதை வைக்கலாம். சர்வர் நிரல் தேவையில்லை. நாளுக்கு நான்கு முறைக்குப் பதிலாக, காலை 5.30 மணிக் கணிப்பை மட்டும் எடுத்து நாளுக்கு ஒரு முறை செய்தாலே போதும் என்பது என் கருத்து. அதன் ஐந்து நாள் கோப்புகளும் முற்பகல் பதினொரு மணிக்குள் வந்துவிடும். அதற்குப் பின் இயங்கும்படி நேரத்தைக் குறித்துவையுங்கள். கோப்பு வராத நாளில் நேற்றைய படத்தை இன்றைய தேதியில் காட்டிவிடாதபடி ஒரு சரிபார்ப்பையும் நிரலில் சேர்த்துவிடுங்கள்.